கல்லுக்குக் கல்

ஜூலை 1, திங்கள்

இந்த டைரி ஒரு கிரஷர் கம்பெனி புத்தாண்டுக்குக் கொடுத்தது. அட்டையில் முருகன் படம், கீழே ஜல்லி வகைகளின் பட்டியல். ஆறு மாதமாக பீரோவுக்குள் கிடந்தது. இன்றைக்கு எடுத்து எழுத உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் வாய் திறந்து யாரிடமும் சொல்ல முடியாது, சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

என் வேலை கம்ப்யூட்டரில் மேப் போடுவது. கல்குவாரிக்கு அனுமதி கேட்கிறவர்கள் எங்கள் ஆபீசுக்கு வருவார்கள். குவாரி நிலத்தின் எல்லையை ஒரு பாலிகனாக, பல மூலை வடிவமாக, வரைவேன். பக்கத்தில் இருக்கும் வீடுகளின் எல்லையை இன்னொரு பாலிகனாக வரைவேன். இரண்டுக்கும் நடுவே குறைந்தபட்சம் எவ்வளவு தூரம் என்று அளந்து அறிக்கை கொடுப்போம். முந்நூறு மீட்டர் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் குறைந்தாலும் அனுமதி கிடையாது.

இன்று மென்பொருளின் புதுப் பதிப்பைப் போட்டார்கள். சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் பழைய கோப்பு ஒன்றைத் திறந்தேன். ஈச்சவலசு குவாரி. ஜனவரியில் நான் கொடுத்த அறிக்கை, என் கையெழுத்தோடு போன முதல் அறிக்கை. அதில் தூரம் 309.4 மீட்டர். இன்று மென்பொருளே குறைந்தபட்சக் கோட்டை வரைந்து காட்டியது. கோடு முழுதாக வருவதற்குள்ளேயே எண் என் மனதில் ஓடிவிட்டது. 287.9. பயத்தில் அப்படியெல்லாம் தோன்றும்.

எப்படித் தப்பு வந்தது என்பதை எழுதி வைக்கிறேன். எங்கள் ஆபீசில் தூரம் பார்ப்பதற்குக் "கல்லுக்குக் கல்" என்று பெயர். நிலத்தின் மூலைகளில்தான் சர்வே கல் நட்டிருக்கும். அதனால் இந்தப் பாலிகனின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் அந்தப் பாலிகனின் ஒவ்வொரு மூலைக்கும் அளந்து, அதில் சின்னதை எடுத்து எழுதிவிடுவோம். முதலாளி சென்னியப்பன் சார் சங்கிலி பிடித்து அளந்த காலத்திலிருந்து இதுதான் பழக்கம். ஆனால் ஈச்சவலசு குவாரியின் மேற்கு எல்லை இருநூற்று நாற்பது மீட்டர் நீளம். இரண்டு கோடியிலும் கல் இருக்கிறது, நடுவில் ஒன்றுமில்லை. அந்த நடுப்பகுதிக்கு நேர் எதிரேதான் ஒரு வீடும் அதை ஒட்டிய தறிக்கொட்டாயும் இருக்கின்றன. கல்லைத் தேடிக்கொண்டு போனதில் நேராக இருப்பதை விட்டுவிட்டோம்.

வரும் பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை குவாரிக்குப் பூஜை. அன்றே முதல் வெடி. அழைப்பிதழ் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் குத்தியிருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இது எனக்கு முன்பே தெரியும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஜூலை 2, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. பழைய கோப்புகள் நாற்பதையும் ஒவ்வொன்றாகத் திறந்து புது முறையில் அளந்தேன். எல்லாமே முந்நூறுக்கு மேல். இது ஒன்றுதான் குறைகிறது. நாற்பது சரி, ஒன்று தப்பு என்று மனதைத் தேற்றிப் பார்த்தேன். தேறவில்லை. அந்த ஒன்றில்தான் வீடு இருக்கிறது.

ஜூலை 3, புதன்

சாரிடம் சொன்னேன். மத்தியானம் டீ வந்த பிறகு, அவர் சற்று நல்ல மனநிலையில் இருந்தபோது.

"எத்தனை குறையுது?"

"பன்னெண்டு மீட்டர் சார். பன்னெண்டு புள்ளி ஒண்ணு."

"ஒரு லாரி நின்னாச் சரியாப் போற எடம். அதுக்காம்மிணி மூஞ்சி இப்படிப் போயிருக்குது?"

"முந்நூறுக்குக் கீழ குறைஞ்சா அனுமதியே இல்லீங்க சார்."

"இங்க பாரு. அரசாங்கத்துக்குச் சாட்சி கல்லு. கோர்ட்டுல போய் நின்னாலும் கல்ல எங்கன்னுதான் கேப்பான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல என்ன இருக்குது? வெறும் மண்ணு. முப்பது வருசமா இப்படித்தான அளக்கறோம், எவனாச்சும் கேட்டிருக்கானா?"

"வெடி வெச்சா மண்ணுன்னு பார்க்காதுங்க சார், கல்லு தெறிக்கும்" என்றேன். இப்படிப் பதில் சொல்லும் ஆள் இல்லை நான். அவரும் ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு டீ கிளாசை நகர்த்தி வைத்துவிட்டு, மெதுவாக, "குவாரிக்காரங்களுக்கு இப்பப் போயி தப்புன்னு சொன்னா நம்ம ஆபீசை மூடிட்டுப் போக வேண்டியதுதான். ஒம்பது வருசமா இருக்கிற, ரோசனை பண்ணிப் பேசு" என்றார். அவரும் பயந்துதான் பேசுகிறார் என்று தெரிந்தது. அது எனக்கு ஆறுதலாக இல்லை, இன்னும் பயம்தான் வந்தது.

ஜூலை 4, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. மாவு பொங்கி வழிந்து அடுப்பு மேடையெல்லாம் நாசம்.

ஜூலை 5, வெள்ளி

ஒரு யோசனை. பதினேழாம் தேதி ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் புதுத் தொழில் தொடங்க மாட்டார்கள். குவாரிக்காரரும் அதனால்தான் ஆனி முடிவதற்குள் பூஜையை வைத்திருக்கிறார், ஆரம்பித்துவிட்டால் ஆடியிலும் ஓட்டலாமே. இந்தப் பூஜை மட்டும் ஐந்து நாள் தள்ளிப்போனால் போதும். பிறகு ஆவணி வரைக்கும் தொட மாட்டார்கள். ஒரு மாதத்துக்குள் எப்படியாவது சரி செய்துவிடலாம், யாருக்கும் தெரியாமலே.

மழை பெய்யாதா என்று வானத்தைப் பார்த்தேன். இந்த ஊரில் ஆனியில் மழையை எதிர்பார்க்கிற ஒரே பைத்தியம் நான்தான்.

ஜூலை 6, சனி

ஈச்சவலசுக்குப் போய் வந்தேன். என் வீட்டுக்காரரிடம் தோழி வீட்டு விசேஷம் என்று பொய் சொன்னேன். அவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஃபிட்டர். சனிக்கிழமை வேலை அதிகம், கேள்வி கேட்க நேரமில்லை.

மேப்பில் அந்த வீடு என் சுண்டுவிரல் நகம் அளவு. நேரில் போனால் ஓட்டு வீடு, ஒட்டினாற்போல் சிமெண்ட் ஷீட் போட்ட தறிக்கொட்டாய். உள்ளே நான்கு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட்டேன். சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடைசியில் உள்ளே போய்த் தோளைத் தொட்டேன். திடுக்கிட்டுத் திரும்பினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் பாவாயி.

"கரண்டு ஆபீசுங்களா?" என்று கத்திக் கேட்டார்.

"இல்லீங்கக்கா. சர்வே."

"சொல்லுங்", என்று காதை என் பக்கம் திருப்பினார். "இந்தக் காது சித்த மந்தமுங்க. இருவது வருசமா தறி ஓட்டறனே."

கொட்டாயின் மூலையை ஜிபிஎஸ்ஸில் பிடித்தேன். அது நான் வரைந்த இடத்திலேயே இருந்தது, அரை மீட்டர் கூட நகரவில்லை. நான் தப்பாக வரைந்திருப்பேன், கொட்டாய் இன்னும் பின்னால் இருக்கும் என்ற ஒரு நம்பிக்கையில்தான் பஸ் ஏறி வந்தேன். அதுவும் போயிற்று. சும்மா திரும்பாமல் சுவரின் நீளத்தை டேப்பில் அளந்தேன். இன்னொரு முனையைப் பாவாயக்கா பிடித்துக்கொண்டார். அவராகவே வந்து பிடித்தார்.

"எதுக்குங்க அளக்கறீங்க? ஏதாச்சும் பணம் வருதா பாறக்குழிக்காரங்ககிட்டருந்து?"

"சும்மா ஒரு கணக்குக்குங்கக்கா."

"வந்து சொல்லிட்டுப் போனாங்க. பன்னெண்டாந் தேதியிலிருந்து தெனமும் பதினோரு மணிக்கு வேட்டு வெப்பாங்களாம். அதுக்கு முன்னால மில்லுல ஊதற மாதிரி சங்கு ஊதுவாங்களாம். சங்குச் சத்தங் கேட்டா எந்திரிச்சு அக்கட்டால போயிரோணுமாம்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "எனக்கு எங்க கேக்கறது? தறி நின்னாத்தானுங்க எனக்கு நாய் கொலைக்கிறதே கேக்கும்."

தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஜூலை 7, ஞாயிறு

துணி துவைத்தேன். இரண்டு பக்கெட். சங்கு ஊதும், அந்தம்மாவுக்குக் கேட்காது. இதையே நாள் முழுக்க மனது சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஜூலை 8, திங்கள்

காலையில் சாரிடம் போய் நேரில் அளந்துவிட்டு வந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அப்படியா, வா, உக்காரு" என்று தன் கம்ப்யூட்டரைக் காட்டினார். ஈச்சவலசு மேப் திறந்திருந்தது. வீடு இருந்தது. தறிக்கொட்டாய் இல்லை.

"கொட்டாய் எங்கீங்க சார்?"

"எடுத்துட்டேன். நீ போட்டதே தப்பும்மிணி. முந்நூறு மீட்டருங்கறது குடியிருப்புக்கு. தறிக்கொட்டாய் குடியிருப்பா? அது வேலை செய்யற எடம். வீட்டுமனை நத்தத்துலயும் இல்ல, தோட்டத்து மண்ணுல கட்டுனது. அதை எடுத்துட்டு அளந்து பாரு. கல்லுக்குக் கல்லு வேண்டாம், உன்ற புது முறையிலயே அளந்து பாரு."

அளந்தேன். 301.2.

"பாத்தியா? யாரும் பொய் சொல்லலை. எல்லாருக்கும் நல்லது."

நாள் முழுக்க அந்த அக்கா உட்கார்ந்திருக்கும் இடத்தை மவுசால் இரண்டு தட்டில் அழித்துவிட்டார். திருத்திய கோப்பில் என் பெயரே இருந்தது. என் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும், ஆபீசில் எல்லாருடையதும் தெரியும்.

"அந்தம்மா பகலெல்லாம் அதுக்குள்ளதான் சார் இருக்குது" என்றேன். அழுகை வந்துவிட்டது. ஆபீசில் ஒருநாளும் அழுததில்லை, அதற்கே அவமானமாக இருந்தது.

சார் எழுந்து என் மேசைக்கு வந்தார். பிறகு என் கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கோப்பைத் திறந்து காட்டி ஒன்று சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஜூலை 9, செவ்வாய்

வயிறு சரியில்லை. ரசம் மட்டும் வைத்தேன்.

சார் காட்டிய கோப்பின் தேதி ஜனவரி 19. அதில் ஒரு கோடு இருக்கிறது, எண்ணும் இருக்கிறது. என் கம்ப்யூட்டரை யார் வேண்டுமானாலும் திறந்திருக்கலாம். அன்று ஆபீசில் நான்கு பேர் இருந்தோம்.

ஜூலை 10, புதன்

வீட்டுக்காரரிடம் பாதி சொன்னேன். தூரம் தப்பாகக் கணக்கு வந்துவிட்டது, இப்போதுதான் தெரிந்தது, வெள்ளிக்கிழமை வெடி வைக்கிறார்கள் என்று.

வீட்டுக்காரர் மோகனரங்கன் சாதாரணமாக எதற்கும் அசராத மனிதர். தட்டில் கையை வைத்தபடி கேட்டார். "முதலாளிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப அவுரு பொறுப்பு. உனக்கென்ன?"

"கையெழுத்து என்னதுங்க."

சாப்பிட்டு முடித்து எழுந்தார். கை கழுவிக்கொண்டே, "பட்டறையில ஒரு நூல் அளவு தப்புனாக்கூட நாங்க கதவைக் கழட்டி மறுபடி மாட்டுவோம். பஸ் ஓடறதுக்கு முன்னாடி" என்றார். "ஓடறதுக்கு முன்னாடி" என்பதை இரண்டு தரம் சொன்னார்.

மத்தியானம் ஒரு வேலை செய்தேன். பொதுத் தொலைபேசி எங்கும் இல்லாததால் ஜெராக்ஸ் கடைக்காரரின் போனை வாங்கி, மாவட்ட ஆபீசில் கனிமப் பிரிவைக் கூப்பிட்டேன். பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். எடுத்தது ஒரு மேடம். பொறுமையாகக் கேட்டார். "யார் பேசறீங்க? பேர் இல்லாம வந்தா அது மொட்டைப் பெட்டிஷன். ஃபைல்ல கூடச் சேர்க்க முடியாது. பேர் போட்டு எழுத்துல குடுங்க" என்றார். போனை வைத்துவிட்டேன். ஜெராக்ஸ் கடைக்காரர், "யாருங்கக்கா, மேல் எடமா?" என்று கேட்டார். நம்பரைப் பார்த்துத் திரும்பக் கூப்பிடுவார்களோ என்று அதற்கும் பயம்.

ஜூலை 11, வியாழன்

லீவு போட்டேன். பெயர், முகவரி எல்லாம் போட்டு மனு எழுதி எடுத்துக்கொண்டு மாவட்ட ஆபீசுக்குப் போனேன். மேடம் மீட்டிங்கில் இருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம் கத்தரிக்காய் வாங்கினேன். பாதி சொத்தை.

மேடம் மீட்டிங்கில் இல்லை. கதவு திறந்தேதான் இருந்தது, உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நான் வராந்தா பெஞ்சில் முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு வந்தேன். டைரியிலுமா பொய் எழுதுவது?

ஜூலை 12, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். 

ஆபீசில் எல்லாரும் பூஜைக்குக் கிளம்பினார்கள். சார் வேட்டி கட்டியிருந்தார். தலைவலி என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறி ஈச்சவலசு போனேன். போய் என்ன செய்வது என்று தெரியாது. அந்த அக்காவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிடலாம் என்று மட்டும் இருந்தது.

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. பாவாயக்கா என்னைப் பார்த்ததும் சிரித்து, ஒரு ஸ்டூலைக் காட்டினார். பாவு நூல் முடியப் போகிறதாம், இன்று சாயங்காலத்துக்குள் துண்டுகளை அறுத்துக் கொடுக்க வேண்டுமாம். கத்திக் கத்திச் சொன்னார். "அக்கா, பதினோரு மணிக்கு வெளிய வந்துருங்க" என்று நானும் கத்தினேன். "சங்கு ஊதட்டுமுங்க, வரேன்" என்றார். உங்களுக்குத்தான் கேட்காதே என்றேன். "உங்களுக்குக் கேக்குமில்ல? நீங்க சொல்லுங்க" என்றார்.

அதனால் வாசலில் போய் நின்றேன். குவாரியைப் பார்த்தேன். சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம் கலர் பந்தல் தெரிந்தது, ஆட்கள் அசைவது தெரிந்தது. 287.9 மீட்டர் என்பது கம்ப்யூட்டரில் ஒரு சிவப்புக் கோடு. நேரில் ஒரு சோளக்காடு, ஒரு வேலி, ஒரு புளியமரம், அவ்வளவுதான். மைக்கில் அய்யர் மந்திரம் சொல்லியிருப்பார், எனக்கு எதுவும் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் தறிகள் அடித்துக்கொண்டே இருந்தன.

போனில் மணி 10.58. சங்குக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அப்போது புளியமரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. கட்டியிருந்த ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு சுற்றியது. பந்தலுக்குக் கீழே நின்ற ஆட்கள் எல்லாரும் ஒரே பக்கமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. சங்கு ஊதிக்கொண்டிருக்கிறது. நல்ல காதை வைத்துக்கொண்டு நின்ற எனக்கே கேட்கவில்லை.

உள்ளே ஓடினேன். மெயின் சுவிட்ச் எங்கே என்று தெரியவில்லை. சுவரெல்லாம் தடவி, கதவுக்குப் பின்னால் இருந்ததைக் கண்டுபிடித்துக் கீழே இழுத்தேன். தறிகள் நின்றன. நின்றதும் சங்கின் கடைசிப் பகுதி கேட்டது, இறங்கி இறங்கி நின்றுபோனது.

"அடப்பாவி, இழை அறுந்துருமே!" என்று பாவாயக்கா எழுந்து என்னிடம் வந்தார். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் ஓடினேன். சுவரோடு ஒட்டி உட்கார்ந்தோம். பிறகு கால் வழியாக வெடியின் அதிர்வு வந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான். அவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இப்போதும் வலிக்கிறது.

புழுதி அடங்கியதும் முன்பக்கம் போய்ப் பார்த்தோம். கொட்டாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஷீட் கூட உடையவில்லை. ஆனால் சோளக்காட்டில், தேங்காய் அளவுக்கு ஒரு புதுக் கல் கிடந்தது. நான் எட்டு வைத்து அளந்தேன். கொட்டாயின் மூலையிலிருந்து முப்பத்தெட்டு எட்டு.

இதில் எனக்கு மிகவும் பயமாக இருப்பது என்ன தெரியுமா? ஒன்றும் ஆகவில்லை என்பதுதான். இன்று ஏதாவது உடைந்திருந்தால் யாராவது வந்து கேட்டிருப்பார்கள். இனி எல்லாரும் முதல் வெடிக்கே ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வார்கள். நாளைக்கும் பதினொரு மணி வரும்.

பாவாயக்கா அறுந்த இழைகளை முடிந்துகொண்டே கேட்டார். "நாளைக்கும் வந்து நீங்களே சுவிச்ச அணைப்பீங்களா?"

அவர் கேலியாகத்தான் கேட்டார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தறிகள் நின்றிருந்ததால் கத்த வேண்டியிருக்கவில்லை, மெதுவாகவே சொன்னேன். குவாரிக்கும் உங்களுக்கும் நடுவே முந்நூறு மீட்டர் இருக்க வேண்டும், ஆனால் அவ்வளவு இல்லை, இருப்பதாக அறிக்கை கொடுத்தது நான்தான் என்று.

"தெரியாமப் பண்ணுனதுங்களா?"

"தெரிஞ்சேதானுங்கக்கா."

முடிச்சுப் போடுவதை நிறுத்தாமல், என்னைப் பார்க்காமல், "அப்பறம் எதுக்குங்க அன்னைக்கு டேப்பத் தூக்கிட்டு வந்தீங்க? நான் வேற புடிச்சேன்" என்றார்.

 என் போன் நம்பரைச் சீட்டில் எழுதி ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன். 

ஜூலை 13, சனி

பதினொரு மணிக்குக் கைவேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன். இங்கிருந்து எதுவும் கேட்காது. இருபத்திரண்டு கிலோமீட்டர்.

ஜனவரி 19 அன்று நடந்ததை எழுதுகிறேன். பொங்கல் விடுமுறை முடிந்த வாரம். சார் எல்லார் முன்னாலும், "இதுல இருந்து அம்மிணியே கையெழுத்துப் போடட்டும்" என்றார். ஒன்பது வருடம் நான் வரைந்த மேப்பிலெல்லாம் இன்னொருவர் பெயர். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். சரியாக இருக்க வேண்டுமே என்று கல்லுக்குக் கல் அளந்ததோடு விடாமல், கோட்டுக்குக் கோடு அளக்கும் முறையிலும் ஒரு தடவை பார்த்தேன். 287.9 என்று வந்தது. மாலை ஐந்து மணிக்கு அறிக்கை போக வேண்டும். இதைச் சொன்னால் வேலையே நின்றுபோகும், என் பெயர் போட்ட முதல் வேலை. ஆபீஸ் வழக்கம் கல்லுக்குக் கல்தானே என்று ஜன்னலை மூடினேன். மூடும்போது சேமிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தியிருக்கிறேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. சாருக்கு அன்று தெரியவே தெரியாது.

ஜூலை 15, திங்கள்

திங்கட்கிழமை மனு நாள். வீட்டுக்காரர் அரைநாள் லீவு போட்டு வண்டியில் கூட்டிப் போனார். என்னை மட்டும் விட்டால் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மேடம் மனுவை இரண்டு தடவை படித்தார். போனில் பேசின குரலை அடையாளம் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன், கேட்கவில்லை.

"இந்தத் தப்பு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது? மனுவுல தேதி போடலையே."

நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன்.

"காரணத்தோடதான் கேக்கறேன். கணக்குல தப்பு, இப்பத்தான் பார்த்தேன்னா, இது திருத்த மனு. மறு அளவைக்கு ஆள் அனுப்பணும். வரிசையில ரெண்டு மூணு மாசம் ஆயிடும். அதுவரைக்கும் அனுமதி அனுமதிதான், அவங்க வேலையை நிறுத்த முடியாது. தெரிஞ்சே தப்பாக் குடுத்த அறிக்கைன்னா, அதை வெச்சுக் குடுத்த அனுமதியே நிக்காது. இன்னைக்கே நிறுத்தச் சொல்லி நான் மேல எழுதலாம்." பேனாவைக் கீழே வைத்தார். "ஆனா அது உங்க மேல வரும்மா. வேலை போறதோட நிக்காது, கேஸும் வரலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டுக்காரர் கதவருகே ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்த தேதி ஜூலை ஒன்று. இந்த டைரியும் அப்படித்தான் தொடங்குகிறது. ஜூலை ஒன்று என்று சொன்னால் நான் தப்பைக் கண்டுபிடித்த பெண். இரண்டு மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும். இரண்டு மாதத்துக்குள் அறுபது தடவை பதினொரு மணி வரும்.

மணி பத்தே முக்கால் ஆகியிருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஜனவரி பத்தொன்பதுங்க மேடம்."

"அதாவது அறிக்கை குடுக்கறதுக்கு முன்னாடி?"

"ஆமாங்க. அன்னைக்கே, முன்னாடி."

மனுவைத் திருப்பிக் கொடுத்து, அந்தத் தேதியை என் கையாலேயே எழுதச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போன வாரம் கொட்டாயை அழித்துத் திருத்திய கோப்பைப் பற்றியும் எழுதினேன். ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள்.

 வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்திவிட்டு அவர், "ஆறு மாசமா இதை உள்ள வெச்சுக்கிட்டா எனக்குச் சோறு போட்டுட்டு இருந்தே?" என்று கேட்டார். கோபமாக இருந்திருந்தால் பரவாயில்லை. கோபம் இல்லை.

ஜூலை 16, செவ்வாய்

காலையில் சார் எங்கள் வீட்டுக்கே வந்தார். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, "உன்னயும் கெடுத்துக்கிட்டு என்னயும் கெடுத்துட்டியே அம்மிணி" என்றார்.  அவர் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. 

இனி ஆபீசுக்குப் போக வேண்டியதில்லை. விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்று மேடம் சொல்லியிருக்கிறார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே எழுந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் தேங்காய் சுடுகிறார்கள். எங்கள் வீட்டில் இந்த வருடம் இல்லை. அவர் பட்டறைக்குப் போகும்போது, "போனைப் பக்கத்துலயே வெச்சுக்க" என்று மட்டும் சொன்னார். அந்தக் கேள்விக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

பதினொன்றரைக்குப் போன் வந்தது. தெரியாத நம்பர். போலீஸ் என்று நினைத்து எடுக்காமல் விட்டேன். மறுபடி வந்தது, எடுத்தேன்.

"நாந்தானுங்க, ஈச்சவலசு. இன்னைக்குச் சங்கு ஊதலைங்க."

 மறுபடி ஏமாந்துவிடக் கூடாது என்று கேட்டேன். "ஊதியிருக்கும்ங்கக்கா. தறி ஓடிட்டு இருந்திருக்கும், உங்களுக்குக் கேட்டிருக்காது."

"இல்லீங்க" என்றார் பாவாயக்கா. "பத்தரைக்கே தறிய நிறுத்திப்போட்டு வாசல்ல உக்காந்துட்டனுங்க. இப்ப வரைக்கும் அங்கதான் உக்காந்திருக்கறேன்."